முடக்குவாதமும் ஆன்டிஆக்ஸிடென்ட் சாப்பாடும்: "ஜீனையே மாற்றும்" என்று விற்கும் டப்பாவை அம்மாவுக்கு வாங்கலாமா?

குடியாத்தம் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. இரண்டு கை விரல் கணுக்களும் வீங்கியிருக்கின்றன. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்குவதில்லை. பீடி சுற்றுகிற கை அது. இலை வெட்டுகிற கத்தரியைக் கட்டைவிரலில் மாட்டவே முடியாமல், வெந்நீரில் கையை வைத்து, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் முறத்தை மடியில் எடுத்து வைக்கிறார். டாக்டர் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்டும், கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். போன தடவை ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. 24 இருந்தது.

இப்போது எங்கள் தெருவில் ஒருவர் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நிற்கிறார். மஞ்சள் சாறு, மிளகுச் சாறு, கிரீன் டீ சாறு, பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ எல்லாம் சேர்ந்த கேப்ஸ்யூல். "இது அழற்சி ஜீனையே ஆஃப் பண்ணிடும், மூணு மாசத்துல இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடலாம்" என்கிறார். மாதத்துக்கு மூவாயிரம் ஆகும். அம்மா பாதி மனசோடு இருக்கிறார். கேட்டால், "நாம சாப்பிடுற கீரையில இல்லாததா அதுல இருக்கப்போவுது" என்றும் சொல்கிறார்.

உணவால் ஜீனை மாற்ற முடியுமா? முடியும் என்றால் டப்பா தேவையா, வீட்டுச் சாப்பாடே போதுமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ரயிலடி:

டப்பா வேண்டாம் தங்கச்சி. ராத்திரி பாலில் மஞ்சள், மிளகு போட்டுக் கொடுங்கள். எங்கள் பாட்டி அதிலேயேதான் காலம் தள்ளினார்.

நியூக்ளியஸ் நிலா:

உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறேன். கேள்வியை ரொம்பச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள் அக்கா, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அந்த ஆள் சொல்வதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. ஜனங்கள் நம்புவதும் அதனால்தான்.

சாப்பாடு ஜீனை மாற்றாது. அம்மாவின் டி.என்.ஏ. எழுத்துகள் பிறந்தபோது இருந்த மாதிரியேதான் இருக்கும். எந்த ஜீன் எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறும். மரபணு வெளிப்பாடு என்பது அதுதான். ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படும், அந்த நகலிலிருந்து புரதம் உண்டாகும். முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வில் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் அளவு மீறி உண்டாகின்றன. வீக்கம், வலி, காலை விறைப்பு எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இன்டர்லூகின்-6 ரத்தத்தில் கலந்து ஈரலை எட்டியதும் ஈரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 24 அப்படி வந்த எண்.

இந்த ஜீன்களை முடுக்கிவிடுவதில் முக்கியமான ஒரு புரதம் என்.எஃப்.கப்பா.பி. 1986-ல் டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில் ரஞ்சன் சென் அதைக் கண்டறிந்தார். சாதாரணமாக, ஐ.கப்பா.பி. என்ற இன்னொரு புரதம் அதை உட்கருவுக்கு வெளியிலேயே பிடித்து வைத்திருக்கும். நம்ம ஊர்க் காளை விடும் விழாவில் கயிற்றை அவிழ்க்கும் வரை காளை திமிறிக்கொண்டு நிற்குமே, அந்த நிலை. கிருமி, காயம், புகை, ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் (செல்லைத் தாக்கும் ஃப்ரீ ராடிகல் என்ற மூலக்கூறுகள் மிகுந்துபோவது) என்று ஏதாவது வந்தால் ஐ.கப்பா.பி. சிதைக்கப்படும். என்.எஃப்.கப்பா.பி. உட்கருவுக்குள் ஓடி டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6, காக்ஸ்-2 ஜீன்களைக் கிளப்பிவிடும். வலிக்கு நாம் போடும் டைக்ளோஃபெனாக் தடுப்பது இந்த காக்ஸ்-2 நொதியைத்தான்.

எதிர்ப்பக்கத்தில், செல்லைக் காக்கும் ஜீன்களை முடுக்கும் என்.ஆர்.எஃப்-2 என்ற புரதம் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது கீப்-1 என்ற இன்னொரு புரதம். முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு, முருங்கைக்கீரை இவற்றின் காரத்துக்குக் காரணமான ஐசோதயோசயனேட்டுகள் கீப்-1இல் உள்ள கந்தகப் பகுதியில் போய் ஒட்டினால் அதன் பிடி தளரும். என்.ஆர்.எஃப்-2 உட்கருவுக்குள் போய், உடலின் சொந்த ஆன்டிஆக்ஸிடென்டான குளூட்டாதயோனைத் தயாரிக்கும் நொதிகள், ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 போன்ற பாதுகாப்பு ஜீன்களை எழுப்பும். இவ்வளவும் செல்களிலும் எலிகளிலும் நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கீரையில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடென்ட் நேராக ரத்தத்துக்குப் போய் ஃப்ரீ ராடிகலை ஒவ்வொன்றாகப் பிடித்து அழிக்கிறது என்பது பழைய விளக்கம். செடிகளில் இருக்கும் பாலிஃபீனால் என்ற ஆன்டிஆக்ஸிடென்ட் வகை ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். நம் ரத்தத்தில் ஏற்கெனவே ஆன்டிஆக்ஸிடென்டாக இருக்கும் யூரிக் ஆசிட் அளவுக்குப் பக்கத்தில்கூட அது வராது. உண்மையில் இந்தச் செடிப் பொருள்கள் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகச் செடி வைத்திருக்கும் சரக்கு. நம் செல்லுக்கு அவை லேசான தொந்தரவு. அந்தத் தொந்தரவைப் பார்த்துத்தான் செல் தன் சொந்தப் பாதுகாப்பைப் பெருக்கிக்கொள்கிறது. அதனால் "எங்கள் பொருளில் ஆன்டிஆக்ஸிடென்ட் எண் இவ்வளவு" என்று காட்டுவதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. சோதனைக்குழாயில் அளந்த, ஓராக் எனப்படும் அந்த எண்களின் பட்டியலை அமெரிக்க விவசாயத் துறையே 2012-ல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. உடலுக்குள் நடப்பதை அந்த எண் சொல்லாது என்பதும், அதைக் காட்டி வியாபாரம் செய்கிறார்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள்.

ஆற்காடு வாத்தியார்:

நிலா, நன்றாக எழுதியிருக்கிறாய் அம்மா. நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். டப்பாவில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் இருப்பதாகச் சொன்னார்களே, அதைப் பற்றி அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும்.

பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. முடிவு 1994-ல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய சோதனை! அமெரிக்காவில் புகைபிடித்தவர்களும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்களுமாக 18,314 பேருக்கு 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏவும் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். பிறகு 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வைட்டமின் ஈ, செலினியம் கொடுத்துப் பார்த்த சோதனையில், தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல் என்று 2011-ல் தெரிந்தது.

காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று பார்த்த பிறகுதான் இந்தச் சோதனைகளையே ஆரம்பித்தார்கள். காய்கறியிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்து, பல மடங்கு அளவில், பல வருஷம் கொடுத்ததும் பலன் தலைகீழாகிவிட்டது. குடியாத்தம் மகளே, உன் அம்மா புகையிலைத் தூசியிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர். அவருக்குப் பீட்டா கரோட்டின் கேப்ஸ்யூல் கொடுக்க நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கேரட்டும் பூசணியும் முருங்கைக்கீரையும் தாராளமாகக் கொடு. அதில் பயமே இல்லை.

சத்துவாச்சாரி ஜிம்:

அண்ணா, அக்கா, நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் ஜிம்மில் பயிற்சி முடிந்ததும் வைட்டமின் சி 1000, வைட்டமின் ஈ 400 போடச் சொல்கிறார்கள். உடம்பு வலி, உள்வீக்கம் குறையுமாம். அதுவும் தப்பா?

நியூக்ளியஸ் நிலா:

தம்பி, சரியாக அதே அளவை வைத்து ஜெர்மனியில் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2009-ல் வெளியானது. இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி. பாதிப் பேருக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட். மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, உடலின் சொந்த ஆன்டிஆக்ஸிடென்ட் நொதிகளின் ஜீன்களும் கூடுதலாக வேலை செய்தன. மாத்திரை போட்டவர்களுக்கு அந்த இரண்டு நன்மையும் கிடைக்கவில்லை. தசை வேலை செய்யும்போது வருகிற கொஞ்சம் ஃப்ரீ ராடிகல்தான் "பலப்படு" என்கிற சமிக்ஞை. மாத்திரை அந்தச் சமிக்ஞையையே அடக்கிவிட்டது. பயிற்சி முடிந்ததும் வேர்க்கடலையும் கொய்யாவும் சாப்பிடு, போதும்.

பிரித்தெடுத்த பொருளைக் கொடுத்ததும் பலன் ஏன் தலைகீழானது என்று வாத்தியார் ஐயா கேட்காமலே கேட்ட கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஃப்ரீ ராடிகல் முழுக்க எதிரி என்று நினைத்து அள்ளிக் கொட்டினால் உடலின் பேச்சுவார்த்தை கெட்டுப்போகிறது.

இலவம்பாடி மண்:

நான் அணைக்கட்டுப் பக்கம் கத்திரி போடுகிறவன். எங்கள் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் குத்தும், ஆனால் ருசி தெரிந்தவர்கள் விட மாட்டார்கள். என் வேதனை என்னவென்றால், மூட்டு வலி என்று யாராவது சொன்னால் முதலில் நிறுத்தச் சொல்வது கத்திரிக்காயைத்தான். "கரப்பான் காய்", "வாதத்தைக் கிளப்பும்" என்கிறார்கள். கத்திரிக்காயில் அழற்சியைக் கூட்டுகிற பொருள் ஏதாவது நிஜமாகவே இருக்கிறதா? படித்தவர்கள் சொன்னால் நான் சந்தையில் நாலு பேருக்குச் சொல்வேன்.

குடியாத்தம் பொண்ணு:

ஆமாம் அண்ணா, எங்கள் வீட்டிலும் அம்மா கத்திரிக்காயைத் தொடுவதே இல்லை. முன்பெல்லாம் எண்ணெய்க் கத்திரிக்காய் என்றால் அவருக்கு உயிர்.

நியூக்ளியஸ் நிலா:

கத்திரி, தக்காளி, உருளை, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் சொலனின் வகைப் பொருள்கள் சிறிதளவு உண்டு, மூட்டுவலிக்கு அதுதான் காரணம் என்று வெளிநாட்டிலும் சொல்கிறார்கள். மனிதர்களிடம் முறையாகச் சோதித்து, கத்திரிக்காய் முடக்குவாதத்தைக் கூட்டும் என்று நிறுவியதில்லை. சிலருக்குக் கத்திரிக்காயால் அரிப்பு, ஒவ்வாமை வருவது உண்மை, அதை மறுக்கவில்லை. அது தோல் சம்பந்தப்பட்ட வேறு சங்கதி, வாதத்தோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கத்திரிக்காயின் சதையில் குளோரோஜெனிக் ஆசிட் என்ற பாலிஃபீனால் நிறைய. வெட்டியதும் கறுப்பது அதனால்தான், காற்றுப் பட்டதும் நொதி அதை மாற்றிவிடுகிறது. ஊதாத் தோலில் நாசுனின் என்ற ஆன்தோசயனின் வகை நிறமி இருக்கிறது. தோலைச் சீவி எறியாமல் சமைத்தால் நல்லது.

அக்கா, அம்மாவிடம் சொல்லுங்கள்: இப்போது இருக்கிற மாதிரியே இன்னும் இரண்டு வாரம் கத்திரிக்காய் இல்லாமல் இருந்து, பிறகு சாப்பிட்டுப் பார்த்து, காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று காலண்டரில் குறித்துக்கொள்ளட்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் எண்ணெய்க் கத்திரிக்காயை ஏன் இழக்க வேண்டும்?

மருந்தாளுநர் கணியம்பாடி:

எல்லோரும் ஜீனைப் பற்றிப் பேசுகிறீர்கள், மருந்து விஷயத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். இதைத் தயவுசெய்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தக்கூடாது. முடக்குவாதத்தை அடக்காமல் விட்டால் மூட்டின் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படும். அரித்துப்போனது திரும்ப வராது. வலி குறைந்ததும் நிறுத்திவிட்டு, விரல் கோணிய பிறகு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்துவிட்டது. இது வாரம் ஒரு நாள் மாத்திரை. கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். தப்பித்தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஃபோலிக் ஆசிட்டையும் டாக்டர் சொன்ன நாளில் விடாமல் கொடுங்கள், வாய்ப்புண்ணும் குமட்டலும் அதனால் குறையும். கீரையிலும் இதே வகைச் சத்தான ஃபோலேட் இருக்கிறதே, மருந்து வேலை செய்யாமல் போய்விடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது டப்பா. மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைபரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உறிஞ்சும் அளவு 20 மடங்கு கூடியது. அதற்குப் பிறகு பல மஞ்சள் கேப்ஸ்யூல்களில் மிளகுச் சாறு போட ஆரம்பித்துவிட்டார்கள். பைபரின் அந்த வேலையைச் செய்வது, வெளிப் பொருளைக் கழிக்கும் நொதிகளைத் தடுத்துத்தான். அதே நொதிகள் பல மருந்துகளையும் கழிக்கின்றன. அடர்த்தியான மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்தது அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறது. அடர்த்தியான கிரீன் டீ சாற்றுக்கும் அதே புகார் உண்டு. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு ஈரல் பரிசோதனை அடிக்கடி செய்வது ஏன் என்று யோசியுங்கள். மூன்றையும் ஒரே ஈரலில் ஏற்றுவது தேவையா?

ரயிலடி அண்ணன் சொன்ன பாலும் மஞ்சளும் வேறு. அரை ஸ்பூன் மஞ்சள்தூள் சமையல் அளவு. அதைத் தடுக்க மாட்டேன், அது வாதத்தைக் குணமாக்கும் என்றும் சொல்ல மாட்டேன்.

காட்பாடி ரயிலடி:

சரிதான் சார், புரிகிறது. பாட்டிக்கு இருந்தது தேய்மான மூட்டுவலி, இவர்கள் சொல்வது வேறு நோய்.

வாலாஜா ரோடு:

நான் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்க்கிறவன். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் சில இடத்தில் மஞ்சளாக வரும். குரோமியம் உடம்பில் ஃப்ரீ ராடிகலை உண்டாக்கும் என்று ஒரு முகாமில் சொன்னார்கள். தினம் நெல்லிக்காய் சாப்பிட்டால் அதை முறித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. என் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். இது போதுமா?

ஆற்காடு வாத்தியார்:

தம்பி, நீ கேட்டதும் நெஞ்சு அடைத்தது. இது என் பாடம், அதனால் நானே சொல்கிறேன்.

தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆபத்தானது ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமேட். மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலால் ராணிப்பேட்டை நிலத்தடி நீர் கெட்ட கதை ஊருக்கே தெரியும். மஞ்சள் நிறத் தண்ணீரைப் பார்த்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வைட்டமின் சி ஆறை மூன்றாகக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அது எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செல்லுக்கு வெளியே நடந்தால் நல்லது, மூன்று இணைதிறன் ஆனதும் உள்ளே போக முடியாது. குரோமேட் செல்லுக்குள் நுழைந்துவிட்ட பிறகு அதே வைட்டமின் சி அதைக் குறைக்கும்போது, நடுவில் உண்டாகும் பொருள்களும் கடைசியில் மிஞ்சும் குரோமியமும் டி.என்.ஏ.வையே தாக்குகின்றன. ஆகவே நெல்லிக்காயை மாற்று மருந்து என்று நம்பி அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் குரோமியம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

பிள்ளைகளுக்கு நெல்லிக்காய் கொடு, அது நல்ல காய். தண்ணீரை மாற்று. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து, குரோமியம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கு. பாலாற்றுத் தோல் கழிவுக்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் "மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும்" என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரியில் அதைப் படிக்கிறார்கள். அந்த வழக்கு பிறந்த மண்ணில் ஒரு தகப்பன் நெல்லிக்காயை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

வாலாஜா ரோடு:

நன்றி ஐயா. மாதிரி கொடுத்துவிட்டு இங்கேயே வந்து சொல்கிறேன்.

பாலாறு படிப்பாளி:

நல்ல இழை. ஆனால் நிலா சொன்னதெல்லாம் செல்லிலும் எலியிலும்தானே? மனுஷனுக்கு உணவு கொடுத்து ஜீன் வெளிப்பாடு மாறியதாக ஆய்வு இருக்கிறதா? இல்லாவிட்டால் டப்பாக்காரருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

நியூக்ளியஸ் நிலா:

நியாயமான கேள்வி. இருக்கிறது, ஆனால் அடக்கமான அளவில்.

நார்வேயில் 102 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. எட்டு வாரம். ஒரு குழுவுக்குத் தினம் மூன்று கிவிப் பழம், இன்னொரு குழுவுக்குப் பலவகை ஆன்டிஆக்ஸிடென்ட் உணவு, மூன்றாவது குழு வழக்கமான சாப்பாடு. உணவு கொடுத்த குழுக்களில் ரத்த அணுக்களில் டி.என்.ஏ. பழுதுபார்ப்பு, செல் அழுத்தத் தற்காப்பு சம்பந்தமான ஜீன் தொகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. அதே வருஷம் ஸ்பெயினில், வளர்சிதைக் கோளாறு (வயிற்றுப் பருமன், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் போன்றவை சேர்ந்து கூடியிருப்பது) உள்ள 20 பேருக்கு பாலிஃபீனால் மிகுந்த ஆலிவ் எண்ணெயோடு ஒரு காலைச் சாப்பாடு கொடுத்தார்கள். பாலிஃபீனால் குறைவான அதே எண்ணெய் கொடுத்தபோது இருந்ததோடு ஒப்பிட்டால் 98 ஜீன்களில் வித்தியாசம் தெரிந்தது, அவற்றில் பல அழற்சி ஜீன்கள் அடங்கியிருந்தன. ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டில்!

ஆனால் ஜீன் மாறியது என்பதாலேயே நோய் குறைந்தது என்று ஆகிவிடாது. நோயையே அளந்த ஆய்வு வேண்டும். முடக்குவாதத்துக்கு சுவீடனில் 51 பேரை வைத்து 12 வாரம் நடந்த மத்தியதரைக்கடல் உணவுச் சோதனை 2003-ல் வெளியானது. எல்லோரும் தங்கள் வழக்கமான மருந்தில் இருந்தபடியே கலந்துகொண்டார்கள். உணவு மாற்றியவர்களுக்கு நோய்த் தீவிரம் ஓரளவு குறைந்தது. மருந்துக்குப் பதில் இல்லை, மருந்தோடு கூட. டப்பாக்காரர் இந்த இடத்தில்தான் பொய் சொல்கிறார்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலிருந்து, ஜீனைத் திறந்து வைக்க உதவும் அசிட்டைல் குறியை நீக்கும் நொதியை பியூட்டிரேட் தடுக்கும். அதாவது எந்த ஜீன் திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதில் நேரடியாகக் கை வைக்கிறது. நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கும் டி செல்கள் பெருகவும் அது உதவுகிறது. கேழ்வரகு, சாமை, கொள்ளு, கீரைத்தண்டு சாப்பிடுகிற குடல் இதைச் சும்மா தயாரித்துக் கொடுக்கிறது. கேப்ஸ்யூலில் நார் எங்கே இருக்கிறது?

பாலாறு படிப்பாளி:

ஏற்றுக்கொள்கிறேன். நம்ம ஊர் ஆய்வு ஒன்றும் ஞாபகம் வருகிறது. 1969-க்கும் 1973-க்கும் இடையே வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள் அல்லவா? அவர்களில் 26 முதல் 32 வயதான 2,218 பேரைப் பரிசோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது மெலிந்திருந்து, பிறகு வேகமாக எடை கூடியவர்களுக்குச் சர்க்கரைக் கோளாறு அதிகம். முதல் சில வருஷச் சாப்பாடு உடம்பில் எப்படிப் பதிந்து கிடக்கிறது பாருங்கள். உலகமே மேற்கோள் காட்டுகிற அந்த ஆய்வு நம் தெருக்களில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

குடியாத்தம் பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மருந்தாளுநர் அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன், மாத்திரைக் கிழமைக்கு வட்டம் போட்டாகிவிட்டது. இனி அடுப்படிக் கேள்வி. ஆலிவ் எண்ணெய், கிவி எல்லாம் நமக்கு ஆகாது. அந்த மூவாயிரத்தில் வீட்டில் என்ன சமைப்பது?

திருப்பத்தூர் அத்தை:

கண்ணு, இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இது என் இடம்.

கேழ்வரகை மில்லில் அரைத்து வந்ததும் வெள்ளையாக வேண்டும் என்று சலித்துச் சலித்துத் தவிட்டைக் கொட்டாதே. சத்தெல்லாம் அந்தச் செந்தோலில்தான் என்று என் மருமகள் படித்துச் சொன்னாள், நாங்கள் சலித்ததே இல்லை. களி கிண்டினால் தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல். ஒரே கீரையாக வேண்டாம், பண்ணைக்கீரை, முருங்கை, முளைக்கீரை என்று கிடைத்ததைக் கலந்து கடை. மத்தால் கடைந்து, கடைசியில் நாலு பல் பூண்டைத் தட்டிப் போடு. பூண்டை முதலிலேயே தட்டிக் கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு போடுவது எங்கள் வழக்கம். கீரையில் ஒரு கரண்டி செக்குக் கடலை எண்ணெய் கட்டாயம். வேர்க்கடலையைத் தோலோடு வறுத்துத் துவையல் அரை, அந்தச் சிவப்புத் தோலை ஊதித் தள்ளாதே. ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் வாரம் இரண்டு நாள் சோறு. நெல்லிக்காயை வேகவைத்து ஊறுகாய் போடுவதைவிடப் பச்சையாகத் துருவித் தயிரில் போடு.

கை வலிக்கிற ஆளை மத்துப் பிடிக்க விடாதே, நீ கடை.

நியூக்ளியஸ் நிலா:

அத்தை சொன்ன பூண்டு விஷயம் அறிவியல்படியும் சரி. தட்டியதும் ஒரு நொதி வேலை செய்து அலிசின் என்ற காரமான பொருள் உண்டாகிறது, அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். உடனே சூடான எண்ணெயில் போட்டால் நொதி செத்துவிடும். முட்டைக்கோஸும் அப்படித்தான், நறுக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துச் சமைத்தால் ஐசோதயோசயனேட் கூடுதலாகக் கிடைக்கும். கீரையில் எண்ணெய் சேர்த்தால்தான் கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும். மீன் சாப்பிடுகிற வீடு என்றால் மத்தி, கானாங்கெளுத்தி வாங்குங்கள் அக்கா. முடக்குவாத வலிக்கு ஒமேகா-3 கொஞ்சம் உதவுவதற்கு மனித ஆய்வுகள் இருக்கின்றன.

குடியாத்தம் பொண்ணு:

மத்தி கிடைக்கும், அம்மாவுக்கும் பிடிக்கும். கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு ரத்தச்சோகையும் இருக்கிறது, இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். டீயிலும் ஆன்டிஆக்ஸிடென்ட் என்று சொல்லி சாப்பிட்டதும் ஒரு டம்ளர் குடிக்கிறார். பரவாயில்லையா?

மருந்தாளுநர் கணியம்பாடி:

சாப்பிட்டதும் வேண்டாம். டீயின் பாலிஃபீனால் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இரும்பு மாத்திரைக்கும் அப்படியே. களி சாப்பிடுகிற வேளையில் அத்தை சொன்ன நெல்லிக்காய்த் தயிரைவிட வெறும் நெல்லித் துண்டோ எலுமிச்சையோ நல்லது, ஏனென்றால் பாலின் கால்சியம் இரும்பைக் கொஞ்சம் தடுக்கும், வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். தயிரை மற்ற வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனையில் சி.ஆர்.பி.யோடு ஈரல் டெஸ்ட்டும் ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்த்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள்.